பனடோலும் "ஸ்ரோங்கா ஒண்டும்": நோக்குளிசை கேள்வி பதில்

பாமசிக் கவுண்டருக்குப் பின்னால நிண்டு பாத்தா வித்தியாசம் தெரியும். பொம்பிளையள் ரெண்டு காட் பனடோல் வாங்கிக்கொண்டு பேசாமப் போவினம், ஆம்பிளையள் நடக்கேலாமல் வந்த நாளில "ஸ்ரோங்கா ஒண்டு தாங்கோ" எண்டுவினம்.

புதுக்குடியிருப்பு அண்ணை ஒருத்தர்: மனுசி கிழமையில நாலு நாள் தலையிடி எண்டு பனடோல் போடுறா. உண்மையோ, நடிப்போ?

நடிப்பெண்டு எழுதினதுக்கு உங்களோட கோவம்தான். மைக்ரேன் ஆம்பிளையளைவிடப் பொம்பிளையளுக்கு மூண்டு மடங்கு மட்டில கூட, மாதவிடாய்க்குக் கிட்ட ஈஸ்ரஜன் எண்ட ஹோர்மோன் இறங்கேக்க அது கிளம்பும். ஆனா கணக்குப் பாருங்கோ, கிழமைக்கு நாலெண்டா மாசம் 16 நாள் வருது, 15 நாளும் அதுக்கு மேலயும் எண்டு மாசக்கணக்கா இழுபட்டா அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். எத்தினை நாள் போட்டவ எண்டு கலண்டரில குறிச்சு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, மைக்ரேனை வரவிடாமத் தடுக்கிற மருந்து வேற இருக்கு.

ஒட்டுசுட்டான் வயல்காரர்: நாரி நோவுக்கு டிக்ளோபெனாக் போட்டிட்டுத்தான் வயலுக்கு இறங்கிறன், பிழையோ?

பிழைதான் ஐயா. கிட்னிக்கு ரத்தம் போற குழாயை விரிச்சு வைக்கிறது உடம்பில ஊறுற புரொஸ்டகிளாண்டின், டிக்ளோபெனாக் அதைத்தான் மறிக்கும். நீங்கள் வெயிலுக்க வேர்த்து ஒழுகி, தண்ணியும் குடியாமல் நிக்கேக்க கிட்னி ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்கும். வவுனியாப் பக்கமெல்லாம் காரணம் பிடிபடாத கிட்னி வருத்தம் வயல் செய்யிற ஆம்பிளையளைத்தான் கூடப் பிடிக்குது, அது குளிசையால எண்டு நான் சொல்லேல்ல, ஆனா அப்பிடியான இடத்தில இருந்துகொண்டு நாங்களும் போய் கிட்னியைச் சீண்டக்கூடாது. பிரஷர் குளிசை பாவிக்கிற ஆளெண்டா இன்னும் ஆபத்து. பின்னேரம் சாராயமும் சேர்ந்தா வயித்தில புண் வந்து ரத்தம் கசியும். கட்டாயம் தேவையெண்டா பனடோல், 500 மில்லிகிராம் குளிசை நாளைக்கு எட்டுக்கு மேல போகப்படாது, குடிக்கிற ஆளெண்டா அதுகும் குறையவேணும்.

மாங்குளம் தங்கச்சி: பீரியட்ஸ் குத்துக்குக் குளிசை போட்டா பிள்ளை பிறக்காதெண்டு அம்மம்மா சொல்லுறா.

மாதத்தில ரெண்டு மூண்டு நாள் போடுறதால அப்பிடி ஒண்டும் நடக்காது. இந்தக் குத்துக்குப் போடுற மெபனமிக் அசிட் குளிசையை நோ தொடங்கேக்கயே சாப்பிட்டிட்டுப் போடவேணும், சுருண்டு படுத்தாப் பிறகு போட்டா பிந்தித்தான் கேக்கும். ஆஸ்மா, அல்சர் இருந்தா வேண்டாம். குளிசை போட்டும் பள்ளிக்கூடம் போகேலாதெண்டா பொம்பிளையளுக்கான டொக்டரிட்டக் காட்டுங்கோ. கலியாணம் கட்டினாச் சரிவரும் எண்டுறதை நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ.

விசுவமடு அக்கா: 2009 இல காலில ஏறின செல் துண்டு இன்னும் கிடக்கு, கரண்ட் அடிக்கிற மாதிரிக் குத்துது, பனடோல் கேக்குதில்லை.

அது நரம்பு நோ அக்கா, பனடோலைக் கூட்டிப் போட்டும் பிரியோசனமில்லை, அதுக்கெண்டு வேற மருந்து டொக்டர்தான் எழுதவேணும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா, உள்ள இரும்பு கிடக்கெண்டு மறக்காமல் முதலே சொல்லிப்போடுங்கோ.