இரண்டு ஏக்கர் வயல்காரர் எந்த வர்க்கம்?

தங்கச்சி, இரணைமடுக் குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயலும் வைத்துக்கொண்டு, பிறர் வயலில் வரம்பு கட்டவும் மருந்தடிக்கவும் கூலிக்குப் போகும் அப்பாவை ஒப்படையில் முதலாளி என்பதா தொழிலாளி என்பதா என்று கேட்டிருந்தீர்கள். நிலம், கருவி போன்ற உற்பத்திச் சாதனம் யார் கையில் என்றுதான் மார்க்ஸ் முதலில் பார்ப்பார், அப்படிப் பார்த்தால் அப்பா சிறு உடைமையாளர், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். சரி, அதோடு நிறுத்தாதீர்கள். வெட்டு மெசின் யாருடையது, களத்திலேயே ஈர நெல்லுக்கு விலை சொல்வது யார், இதையும் எழுதுங்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொல்லும் சந்தை நிலை, அதாவது சந்தையில் ஒருவருக்கு எவ்வளவு பேரம் பேச முடிகிறது என்பது, அங்கேதான் இருக்கிறது. அவர் மறைந்தபின் 1922இல் வெளிவந்த எழுத்தில் வர்க்கம் வேறு, சமூகம் ஒருவருக்குத் தரும் மதிப்பான அந்தஸ்து வேறு என்று பிரித்திருப்பார். காசு இருந்தும் சாதி பார்த்துக் கோயில் உபயம் தர மறுத்தார்கள் என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, அது அந்தஸ்து. அதற்குக் கட்டாயம் தனிப் பந்தி ஒதுக்குங்கள்.