அரிப்பே இல்லை, இதுவும் சிரங்கா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். விரல் இடுக்கிலும் முழங்கையிலும் சாம்பல் நிறத்தில் செதில் தடித்துப் படிந்திருக்கிறது. சோரியாசிஸ் என்று ஸ்டீராய்டு களிம்பு தடவியும் கூடிக்கொண்டே போகிறது. அவர் அரிப்பதாகச் சொல்வதில்லை. எனக்கும் அவரைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கும்தான் ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. இது என்னவாக இருக்கும்?

பதில்: பக்கத்தில் இருப்பவர்களுக்கு அரிக்கிறது என்பதுதான் முக்கியமான துப்பு. சோரியாசிஸ் தொற்றாது. அம்மாவுக்கு இருப்பது பொருக்குச் சிரங்காக, அதாவது தோலில் செதில் தடித்துப் படியும் கடுமையான சிரங்கு வகையாக இருக்கலாம். 1848-இல் நார்வேயில் தொழுநோயாளிகளிடம் முதலில் விவரிக்கப்பட்டதால் நார்வே சிரங்கு என்றும் சொல்வார்கள்.

சிரங்கு, தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய பூச்சியால் வருவது. சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுவதும் 10, 15 பூச்சிகள்தான் இருக்கும். முதியவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், சொறிந்துகொள்ள முடியாதவர்கள் ஆகியோரிடம் அவை ஆயிரக்கணக்கில், சிலசமயம் லட்சக்கணக்கில் பெருகிவிடும். உடல் எதிர்த்துப் போராடும்போதுதான் அரிப்பு வருகிறது; எதிர்ப்பு மந்தமானால் அரிப்பும் குறையும். ஸ்டீராய்டு களிம்பு அந்த எதிர்ப்பை இன்னும் அடக்கும். தோல் மருத்துவரிடம் கேட்டு அதை நிறுத்துங்கள். (ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது.)

செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூச்சி தெரிந்துவிடும். களிம்பு மட்டும் போதாது. பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மாத்திரையை எடைக்கேற்ற அளவில் பல தவணைகளாக, பொதுவாக 1, 2, 8, 9, 15-ஆம் நாட்களில் தருவார்கள். கூடவே பூச்சியைக் கொல்லும் 5% பெர்மெத்ரின் களிம்பைத் தலை, காது மடலின் பின்புறம், நக இடுக்கு எதையும் விடாமல் தடவ வேண்டும். செதிலை இளக்கத் தனிக் களிம்பு தந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும்.

நீங்களும் அந்தப் பெண்ணும், வீட்டில் எல்லோரும், அரிப்பு இல்லாவிட்டாலும் ஒரே நாளில் மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் விட்டால் மறுபடி ஆரம்பம்தான். கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துணி, விரிப்புகளை நல்ல வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். உதிரும் செதில்களிலும் பூச்சி இருக்கும் என்பதால் மெத்தை, நாற்காலியையும் சுத்தம் செய்யுங்கள். அம்மாவைத் தொடும்போது கையுறை அவசியம்.

சிகிச்சைக்குப் பிறகும் உங்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் அரிக்கலாம். மருந்து தோற்றுவிட்டது என்று பயப்படாதீர்கள். ஆனால் அம்மாவுக்கு வெடிப்புகளில் சீழ், காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான மயக்கம் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த வெடிப்பு வழியே கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.