வாரண்டில் பிடித்தால் நேராக ஜெயிலா?

கேள்வி: செக் பவுன்ஸ் வழக்கில் தம்பி இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. பிடிவாரண்ட் வந்துவிட்டது. போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்?

பதில்: பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். வெளி மாவட்டத்தில் பிடித்து, வாரண்ட் போட்ட கோர்ட் 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் பெரும்பாலும் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடம்தான் நிறுத்துவார்கள்.

‘ஏன் வரவில்லை?’ என்பதுதான் முதல் கேள்வி. உடம்பு சரியில்லை என்று வாயால் சொன்னால் எடுபடாது. அதே வாய்தா தேதிக்கான மருத்துவச் சான்று கையில் இருக்க வேண்டும். செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடியதுதான். ஆனால், ஏற்கெனவே ஜாமீனில் இருந்து வாய்தா தவறியவருக்கு மறுபடி ஜாமீன் மறுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஜாமீன் கிடைத்தும் பலர் உள்ளே போவது ஜாமீன்தாரர் இல்லாமல்தான். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதுடன் இரண்டு பேரைத் தயாராக வைத்திருங்கள்.

பிடிக்கும்வரை காத்திருப்பானேன்? வக்கீலுடன் காலையிலேயே ஆஜராகி, வாரண்டை ரத்து செய்ய பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 72(2)-இன் கீழ் மனு போடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். மனு தள்ளுபடியானால் சனி, ஞாயிறு உள்ளேதான். ரத்தான உத்தரவின் நகலைக் கையோடு ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். கோர்ட் அனுப்பும் தபால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருமுன் பழைய வாரண்டோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.