களிமண் சிற்பத்துக்கு ரப்பர் மோல்டு எடுத்து ரெசினில் பத்துப் பிரதி வார்க்க வேண்டும். எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

ரெசின் ஊற்றுவது சின்ன வேலை. மோல்டு சரியாக அமைந்தால் பத்துப் பிரதியும் தானாக வந்துவிடும். அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன்: சிற்பம் எந்தக் களிமண்ணில் செய்தது?

நான் முதன்முதலில் மோல்டு எடுத்தது ஒரு பெண்ணின் தலைக்கு. எண்ணெய்க் களிமண், மூன்று வார உழைப்பு. பிளாட்டினம் வகை சிலிகானை, அதாவது பிளாட்டினம் சேர்மத்தால் இறுகும் ரப்பரைப் பூசி மறுநாள் உரித்தேன். வெளிப்பக்கம் நன்றாக இறுகியிருந்தது. சிற்பத்தைத் தொட்ட பக்கம் மட்டும் பிசின் மாதிரி நூல் நூலாக இழுத்தது. இமை, உதட்டோரம், கூந்தல் இழை எங்கும் பிசுக்கு. துடைக்கத் துடைக்க முகமும் சேர்ந்து அழிந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

காரணம், அந்தக் களிமண்ணில் இருந்த கந்தகம். அது பிளாட்டினம் சிலிகானை இறுக விடாது. லேடெக்ஸ் கையுறை பட்டாலும் இதே கதிதான். கந்தகம் இல்லாத களிமண்ணாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது டின் (வெள்ளீயம்) சேர்மத்தால் இறுகும் டின் வகை சிலிகானுக்குப் போங்கள். டின் வகை கொஞ்சம் சுருங்கும், நெடுநாள் உழைக்காது. ஆனால் பத்துப் பிரதிக்குத் தாராளம். எதுவானாலும் அதே களிமண்ணில் ஓர் உருண்டை பிடித்து, பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

முதல் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். காது மடல், மூக்குத் துவாரம் எல்லாம் காற்று தங்காதபடி பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். பிறகு கெட்டியாக்கிய சிலிகானை இரண்டு மூன்று தடவையாக ஏற்றி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன் கொண்டுவாருங்கள். அதன்மேல் பிளாஸ்டரில் இரண்டு பாதியாக ஒரு கூடு அவசியம். அது இல்லாவிட்டால் ரப்பர் தொய்ந்து, முகம் கோணிப்போகும். ரப்பரையும் இரண்டு பாதியாக எடுப்பதென்றால் இணைப்பில் வாஸ்லின் தடவ மறக்காதீர்கள். சிலிகான் சிலிகானோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது.

ரெசினில் என் தேர்வு பாலியூரித்தேன். பாலியெஸ்டர் அதிகம் சுருங்கும், நெடியும் தாங்காது. ஆனால் பாலியூரித்தேனுக்கு ஈரம் ஆகாது, நுரைத்துவிடும். கலவையைக் கண்ணளவில் ஊற்றாமல் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்து கலக்குங்கள். மோல்டைத் தலைகீழாக வைத்து ஊற்றும்போது காற்று மோவாயிலும் மூக்கடியிலும் போய் அடைபடும். கொஞ்சம் ரெசினை ஊற்றி, மோல்டைச் சாய்த்துச் சுழற்றி அந்த இடங்களை நனைத்துவிட்டு, மீதியை மெல்லிய தாரையாக விடுங்கள்.

சரி, துணி மாஸ்க் இதற்கு உதவாது. ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த மாஸ்க் போட்டு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். பாலியூரித்தேன் கலவையில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலில் ஒரு முறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும்.

மோல்டு உரிக்கும்போது களிமண்ணில் செய்த மூலச் சிற்பம் பெரும்பாலும் சிதைந்துபோகும். ஆகவே குறையில்லாமல் வரும் முதல் பிரதியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மோல்டு கிழிந்தால் அடுத்த மோல்டை அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.