ஆயாவுக்கு எதற்கு வாழ்க்கை வரலாறு?

கேள்வி: என் ஆயாவுக்கு வயது தொண்ணூறு. அவருடைய வாழ்க்கையை எழுத ஆசை. "காந்திக்கும் மண்டேலாவுக்கும் எழுதினால் சரி, கரும்புத் தோட்டத்தில் பிறந்தவருக்கு எதற்கு?" என்கிறார் அண்ணன். அப்படியே எழுதினாலும், தாத்தாவின் குடிப்பழக்கத்தை எழுதலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அண்ணன் பேச்சிலும் பாதி நியாயம் உண்டு. வாழ்க்கையை எழுதும் வழக்கம் பெரியவர்களைப் புகழத்தான் பிறந்தது. சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனைப் புகழ்ந்து வரும் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். அரசன் வென்ற நாடுகள் வரிசையாக வரும்; அவன் எதற்குச் சிரிப்பான், யாரிடம் கோபப்படுவான் என்று ஒரு வரி இருக்காது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் புளூட்டார்க் என்ற எழுத்தாளர் இதை மாற்றிப் பார்த்தார். பெரிய போர்களைவிட ஒரு சின்னப் பேச்சு, ஒரு கேலி, மனிதனின் குணத்தைக் காட்டிவிடும் என்று அலெக்சாண்டரின் வரலாற்றைத் தொடங்கும்போதே சொல்லிவிட்டார். அவரும் எழுதியது பெரிய மனிதர்களைத்தான், அது வேறு விஷயம்.

அண்ணன் காந்தியைச் சொன்னாரே, அவருடைய முதல் வாழ்க்கை வரலாறு நம் ஜோகன்னஸ்பர்க்கில் எழுதப்பட்டது. 1908இல் நடுத்தெருவில் அடிபட்டுக் கிடந்தவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்ட பாதிரியார் ஜோசப் டோக்தான் மறு வருஷமே அதை வெளியிட்டார். அப்போது காந்தி மகாத்மா இல்லை, நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு வக்கீல்.

இனி தாத்தா விஷயம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அரசர்களோடு வண்ணாரும் மீனவரும் உண்டு. திருநீலகண்டர் குயவர். அவர் பரத்தை வீட்டுக்குப் போய்வந்தார்; மனைவி "எம்மைத் தீண்டாதீர்" என்று சிவன்மேல் ஆணையிட்டார்; ஒரே வீட்டில் தொடாமலே இருவரும் கிழவன் கிழவி ஆனார்கள். கடைசியில் அந்தக் கதையை ஊரார் முன்னால் அவரே சொல்ல வேண்டியும் வந்தது. அடியாரின் குறையைச் சேக்கிழாரே மறைக்கவில்லை. அந்த மனைவி அன்று சொன்னதுதான் கதையையே நகர்த்துகிறது. நீங்களும் தாத்தாவின் குடியை ஆயாவின் பக்கம் நின்று எழுதுங்கள்.

இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த முன்னோரின் கொலோனியல் நம்பர், அதாவது ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண், வீட்டுக் காகிதங்களில் இருக்கிறதா என்று தேடுங்கள். 1860 முதல் 1911 வரை வந்தவர்களின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், ஊர், வயது, உடம்பிலுள்ள தழும்புகூட இருக்கும். ஆனால் அது முதலாளிக்கு ஆளை அடையாளம் காட்ட எழுதியது. அதில் இல்லாததெல்லாம் ஆயாவிடம் இருக்கிறது. "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்பதோடு முடித்துவிடுவார். சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்த அன்று லாரியில் முதலில் எதை ஏற்றினார்கள், அன்று ராத்திரி அடுப்பில் என்ன வெந்தது என்று கேளுங்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

எழுதியதை முதலில் ஆயாவுக்குப் படித்துக் காட்டுங்கள். குடியைப் பற்றிய பக்கம் வேண்டாம் என்று அவர் சொன்னால், அவர் இருக்கும்வரை அது உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.