ஏரியோரச் சாலை ஏன் புடைக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் ஆற்காட்டுக்கு அருகில் உள்ளது. நெடுஞ்சாலையில் ஏரியை ஒட்டிய பகுதி மட்டும் கோடையில் ஓரமாக நீளவாக்கில் வெடித்து, ஐப்பசி மழைக்குப் பின் அலை அலையாகப் புடைக்கிறது. இருமுறை தார் போட்டும் பயனில்லை. மண்ணில் சுண்ணாம்பு கலந்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? ஓரத்துப் புளியமரங்களை வெட்ட வேண்டுமா?
– ஒரு வாசகர், ஆற்காடு வட்டம்

பதில்: அடிமண் அசைந்துகொண்டிருக்கும் வரை மேலே எத்தனை முறை தார் போட்டாலும் வெடிப்பு திரும்பவே செய்யும். வடஆற்காட்டில் செம்மண் மிகுதி என்றாலும், ஏரியோரத் தாழ்விடங்களில் களி படிந்திருப்பதுண்டு. அதில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுந்திருந்தால், அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் பருக்கும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சாலையின் நடுப்பகுதியைத் தார் மூடியிருப்பதால் அங்கே ஈரம் அதிகம் மாறுவதில்லை. ஓரங்களோ நனைந்தும் உலர்ந்தும் வருகின்றன. நீங்கள் கண்ட நீளவாக்கு வெடிப்பு அதனால்தான்.

சுண்ணாம்பு பலன் தரும். ஆனால் சோதனை முந்த வேண்டும். சலித்த உலர்மண் 10 கிராமை நீரிலும், அதே அளவை மண்ணெண்ணெயிலும் தனித்தனி அளவுக் குழாய்களில் 24 மணி நேரம் ஊறவிடுவார்கள். மண்ணெண்ணெயில் களி பருக்காது என்பதால், அதில் 10 மில்லியாக நிற்கும் மண் நீரில் 16 மில்லியானால் வீக்கம் 60 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டும் மண்ணைச் சாலை மேட்டுக்கு நிரப்பக் கூடாது என்பது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி.

உலர்மண்ணின் எடையில் பெரும்பாலும் 3 முதல் 6 சதவீதம் வரை சுண்ணாம்பு சேர்ப்பார்கள். சுண்ணாம்பின் கால்சியம் களித்தகடுகளில் ஒட்டியுள்ள சோடியத்தின் இடத்தைப் பிடிப்பதால், மண் நீரை இழுக்கும் தன்மை ஓரிரு நாளிலேயே குறைகிறது. களியிலுள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் அது வினைபுரிந்து சிமெண்டுபோல் இறுகுவதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே கலவையை ஈரத்தோடு ரோலரால் இறுக்கிய பின் சில நாள் உலரவிடாமல் காக்க வேண்டும். மண்ணில் சல்பேட் மிகுந்திருந்தால் சுண்ணாம்பே புதிய வீக்கத்தை உண்டாக்கிவிடும் என்பதால், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

களியின் ஆழம் குறைவென்றால் வெட்டியெடுத்துவிட்டு, பருக்காத நல்ல மண்ணை இறுக்கி நிரப்புவதே எளிது. அந்தப் பள்ளத்தில் மணலைக் கொட்டுவது நான் அடிக்கடி காணும் தவறு. மணல் தொட்டிபோல் மழைநீரைத் தேக்கி, சுற்றியுள்ள களிக்கே ஊட்டும்.

புளியமரங்களை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். வேர்கள் கோடையில் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்குவது உண்மைதான். ஆனால் மரம் போனதும் அதே மண் இழந்த ஈரத்தைத் திரும்பப் பெற்றுப் பருக்கும். வெட்டியே ஆக வேண்டுமென்றால், ஒரு மழைக்காலமாவது கழித்துப் புதிய சாலையைப் போடச் சொல்லுங்கள்.