வெளிநாட்டுப் பயணத்தின்போது அங்குள்ள கிராமப் பள்ளிகளையும் குடியிருப்புகளையும் பார்க்கப் போகலாமா?

போகலாம். ஆனால் அந்தப் பள்ளி உங்களை வரச் சொன்ன பிறகு, அது சொன்ன நேரத்தில் போக வேண்டும். நான் இடுக்கி மாவட்டம் பீர்மேடு பகுதியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன். தேக்கடிக்குச் செல்லும் சுற்றுலா வண்டிகள் எங்கள் பள்ளியை ஒட்டிய சாலையில்தான் போகின்றன என்பதால், இத்தகைய வருகைகளால் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை நேரில் பார்த்து வருகிறேன்.

ஒரு வேன் நிற்கும். வேலிக்கு மேலாக மிட்டாய் நீளும். பெருக்கல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஓடுவார்கள். கொடுத்தவர்கள் மனம் நிறைந்து புறப்பட்டுவிடுவார்கள். மறுநாள் மணியடித்த பிறகும் சிலர் உள்ளே வராமல், லாரிகள் திரும்பும் வளைவில் அடுத்த வேனுக்காகக் காத்து நிற்பார்கள். அவர்களை வகுப்புக்கு அழைத்து வந்துவிடலாம். கை நீட்டினால் கிடைக்கும் என்ற பழக்கத்தை மாற்றத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

என் தாத்தாவின் தங்கை குடும்பம் இலங்கையில் அட்டன் பக்கம் இருக்கிறது. அங்கே போனபோது ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியைப் பார்க்க விரும்பி, உறவினர் வழியாக முன்கூட்டியே அதிபருக்கு (தலைமையாசிரியரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கடிதம் கொடுத்தனுப்பினேன். 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை தோட்ட நிர்வாகங்களின் கையில் இருந்த பள்ளிகளில் அதுவும் ஒன்று. வலயக் கல்விப் பணிமனையின் இசைவு வேண்டும் என்றும், காலை 7.30க்குத் தொடங்கும் வகுப்புகள் பிற்பகல் 1.30க்கு முடிந்த பிறகே வர வேண்டும் என்றும் அதிபர் தெரிவித்தார். “பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கமே தருகிறது; கொப்பி (நோட்டு), பேனா வேண்டாம், சிறுவர் கதைப் புத்தகம் இருந்தால் நூலகத்துக்குக் கொடுங்கள்” என்றும் சொல்லியனுப்பினார். தேவை என்னவென்று பள்ளியைக் கேட்காமல் வாங்கிக்கொண்டு போயிருந்தால், நானும் கொப்பிகளைத்தான் சுமந்து சென்றிருப்பேன். புத்தகங்களை அவர் கையில் கொடுத்தேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வழங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதுவே சரியான முறை.

தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போவதற்கும் இதே ஒழுங்கு பொருந்தும். நாளெல்லாம் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, சமையலுக்காக விரைந்து வரும் பெண்களின் வாசலில் அந்நேரம் போய் நிற்கக் கூடாது என்பதால், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போனோம். “எந்த ஊர் தம்பி நீங்க?” என்று ஒரு பாட்டி கேட்டு, பால் சேர்க்காத பிளேன்டீ கொடுத்து, பேரப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் தாமாகவே பேசினார். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம்; எடுத்ததை அவர்கள் பெயரோடும் பள்ளியின் பெயரோடும் இணையத்தில் போடவே வேண்டாம்.

அனாதை இல்லங்களுக்கு மட்டும் சுற்றுலாப் பயணியாகப் போகாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பது தெரியவந்தது. பயணிகள் தரும் பணத்துக்காகவே இல்லங்கள் பெருகியதால், ‘பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர்’ என்ற பிரசாரத்தை பிள்ளைகள் நலனுக்காக இயங்கும் பிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2011இல் அங்கே தொடங்கியது.

பள்ளியிலிருந்து மறுமொழி வராவிட்டால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு, எல்லோரும் கூடும் இடங்களுக்குப் போங்கள். இலங்கையின் மலையகம் என்றால் மாசியில் தோட்டங்களில் மன்மதன் கதையை நடிக்கும் காமன் கூத்து நடக்கும். வாரச்சந்தையும் மாரியம்மன் திருவிழாவும் இருக்கின்றன. அங்கே ஊராரே உங்களை அழைத்துப் பேசுவார்கள்.